குனாஃபா சாக்லேட்டுக்கு முன் வெண்ணெய்க் கேக்: எல்லையோர அடுப்படிக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிக் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரையுள்ள பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு, எந்த இனிப்பு எவ்வளவு காலம் அங்கே இருந்தது என்பது ஓரளவு நினைவில் இருக்கும். ரெட் வெல்வெட்டும் லாவா கேக்கும் ஒரு காலம் கொடிகட்டிப் பறந்தன. 2020ஆம் ஆண்டின் முடக்கக் காலத்தில் வீட்டுக்கு வீடு டால்கோனா காபி நுரைத்தது. அதன் பிறகு தகட்டை உயர்த்தினால் சாக்லேட் வழிந்தோடும் புல்-மீ-அப் கேக், பாலில் ஊறிய டிரெஸ் லெச்சஸ், உள்ளங்கையளவு பென்டோ கேக் என்று வரிசையாக வந்து, இப்போது வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிகளில், பிஸ்தா விழுதும் வறுத்த மாவிழையும் அடைத்த குனாஃபா சாக்லேட் வந்து இறங்குகிறது. அதே கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வெண்ணெய்க் கேக்கும் பிளம் கேக்கும் ரஸ்க்கும் இடம் மாறாமல் இருக்கின்றன.

வீட்டில் கேக் செய்யக் கற்றுக்கொள்ள விரும்பும் பலர் மேல்தட்டிலிருந்து தொடங்குகிறார்கள். கைப்பேசியில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் காணொளியைப் பார்த்து, விலையுயர்ந்த பொருள்களை வாங்கி, ஒருமுறை செய்து, அது சரியாக வராதபோது தங்களுக்குக் கைவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி கீழ்த்தட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறது. மேல்தட்டில் உள்ள எதைப் பிரித்துப் பார்த்தாலும், வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பது, முட்டையை நுரைப்பது, மாவைப் பொங்கவைப்பது, சர்க்கரையைக் கரிக்காமல் கருக்குவது, சாக்லேட்டை உருக்கி உறையவைப்பது ஆகிய சில வேலைகளே அதற்குள் இருக்கும். இவற்றைப் பழைய பண்டங்களில் பழகிக்கொண்டவருக்குப் புதிய இனிப்பு எதுவும் சில நாள் வேலைதான்.

வாங்க வேண்டியவையும் வேண்டாதவையும்

முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. ஒரு கோப்பை மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஏறத்தாழ 120 கிராமும், அழுத்தி அள்ளினால் 150 கிராமும் இருக்கும். கேக் ஒருநாள் மிருதுவாகவும் மறுநாள் வறட்சியாகவும் வருவதற்கு இந்த வேறுபாடு ஒன்றே போதும். அடுத்ததாக, அடுப்பின் உள்ளே வைக்கக்கூடிய வெப்பமானி ஒன்று வேண்டும்; ஏனெனில் ஓடிஜி எனப்படும் மின்சார அடுப்பின் திருகில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் உண்மையான வெப்பமும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. ஏழு அங்குல வட்டத் தகரம் ஒன்று, ஒரு சல்லடை, ஒரு நீண்ட கரண்டி, பட்டர் பேப்பர் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். பூ வடிவ சிலிக்கான் அச்சுகளும், ஒரே ஓர் இனிப்புக்கு மட்டும் பயன்படும் வளையங்களும், வண்ணப் பொடி டப்பாக்களும் முதல் ஆண்டில் தேவையில்லை. என்னைக் கேட்டால் இரண்டாம் ஆண்டிலும் தேவையில்லை.

தீயைப் பழக்குதல்

கேக்கின் தலையெழுத்தை முடிவுசெய்வது செய்முறைக் குறிப்பைவிட அடுப்பின் வெப்பமே. ஓடிஜி இருப்பவர்கள் அதில் கேக் வைப்பதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். கம்பித்தட்டு முழுவதும் ரொட்டித் துண்டுகளை இடைவெளியின்றிப் பரப்பி, 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுத்தால், எந்த மூலையில் ரொட்டி முதலில் சிவந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த மூலை உங்கள் அடுப்பின் சூட்டு மூலை. கேக் முக்கால் பாகம் வெந்த பிறகு தகரத்தை அரைவட்டம் திருப்பி வைத்தால் அந்தக் குறை சரியாகிவிடும்.

ஓடிஜி இல்லாத வீடுகளில் மணல் போட்ட பாத்திர முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. கனமான அலுமினிய உருளியிலோ இரும்புச் சட்டியிலோ, கழுவி நன்றாகக் காயவைத்த ஆற்று மணலை ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடியிட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிய பின் கேக் தகரத்தை உள்ளே இறக்கித் தீயைக் குறைத்துவிட வேண்டும். மணல் வெப்பத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு சீராகக் கொடுப்பதால், தீயின் ஏற்ற இறக்கம் தகரத்தின் அடியை நேரடியாகத் தாக்காது. மணலுக்குப் பதில் கல்லுப்பும் பயன்படும். ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வெறும் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுவிடும். பிரஷர் குக்கரையும் தண்ணீரின்றிச் சூடாக்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

இந்த முறையில் கேக் வேகும், ஆனால் மேற்புறம் சிவக்காது. அதற்காகத்தான் பழைய வீடுகளில் மூடியின் மேல் சிரட்டைக் கனலைப் போட்டார்கள். ‘மேலயும் கனல் வேணும், பிள்ளே’ என்று பெரியவர்கள் சொல்வதற்கு உள்ள காரணம் இவ்வளவுதான்: அடித்தீ மாவை வேகவைக்கிறது, மேல்தீ தோலைக் கட்டுகிறது. கேரளப் பக்கம் போர்மா என்று அழைக்கப்படும் செங்கல் அடுப்பிலும் இதே வேலையைச் சூடேறிய கூரை செய்கிறது. கனல் போட விரும்புவோர் காற்றோட்டமுள்ள வெளி அடுப்படியில் மட்டுமே செய்ய வேண்டும். மூடிய சமையலறையில் கரிக்கனல் ஆபத்தானது.

வெண்ணெய்க் கேக்

நான்கு பொருள்களும் ஒரே எடை என்பதுதான் இதன் சூத்திரம். 200 கிராம் உப்பில்லா வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, ஓடு நீக்கியபின் ஏறத்தாழ 200 கிராம் வரும் நான்கு முட்டைகள், 200 கிராம் மைதா. இவற்றோடு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா அல்லது ஏலக்காய்ப் பொடி. ஏழு அங்குலத் தகரத்துக்கு இது சரியான அளவு.

புத்தகங்களில் ‘வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றை எழுதியவர்களின் அறை 20 டிகிரியைச் சுற்றி இருக்கிறது. நம் சமையலறை பெரும்பாலான மாதங்களில் 30 டிகிரியைத் தொட்டு நிற்கிறது. வெண்ணெய் காற்றைப் பிடித்துவைக்க 18 முதல் 21 டிகிரி வரை இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேற்புறம் பளபளக்கக் கூடாது. ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டுகளாக நறுக்கிய பின் பதினைந்து நிமிடம் வெளியில் இருந்தாலே போதும். உருகத் தொடங்கிவிட்ட வெண்ணெயை எவ்வளவு நேரம் அடித்தாலும் அது காற்றை ஏற்காது. கேக் எண்ணெய் கோத்து, அடர்ந்து போகும்.

சர்க்கரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரைப் படிகங்கள் பெரியவை. அவை எளிதில் கரையமாட்டா. ஆனால் அவற்றை மிக்சியில் மாவாக அரைத்துவிடுவதும் சரியில்லை. ஏனென்றால் படிகத்தின் கூர்முனைகள்தான் வெண்ணெயைக் கீறிக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குகின்றன. மெல்லிய ரவையின் பதத்துக்கு விட்டுவிட்டு அரைப்பது போதும்.

இனி வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து, நிறம் மஞ்சளிலிருந்து வெளிறி, கலவை இலேசாகி அளவில் பெருகும் வரை அடிக்க வேண்டும். மின்கலக்கியில் ஐந்து நிமிடம் ஆகும். கையால் மரக்கரண்டி கொண்டு அடிப்பவர்களுக்கு இருபது நிமிடம் வரை ஆகலாம். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழ்களைப் பெரிதாக்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த இருபது நிமிடத்தில் குறுக்குவழி தேட யாருக்கும் தோன்றாது. பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முந்தையது முழுவதும் கலந்த பின்பே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். முட்டை குளிர்ந்திருந்தால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்தாற்போலாகும். அப்போது ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி அடித்தால் மீண்டும் ஒன்றுசேரும்.

மைதாவையும் பேக்கிங் பவுடரையும் இருமுறை சலித்து, மூன்று தவணைகளாகச் சேர்த்து, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் புரதம் இழைகட்டிக் கேக் ரப்பராகும். புரோட்டா மாவைப் பிசையும் கைக்கு இந்த அடக்கம் முதலில் வராது, பழகத்தான் வேண்டும்.

முன்கூட்டியே 170 டிகிரிக்குச் சூடாக்கிய அடுப்பில் 45 முதல் 50 நிமிடம் ஆகும். முதல் அரைமணி நேரத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது. வெந்ததா என்பதைத் தென்னை ஈர்க்கிலைக் குத்திப் பார்க்கலாம். அது ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். அத்துடன் விளிம்பு தகரத்தைவிட்டு இலேசாக விலகியிருக்கிறதா, நடுவில் விரலால் அழுத்தினால் எழும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள். இன்னொரு வழி காது. வேகாத கேக்கை அருகில் வைத்துக் கேட்டால் உள்ளே ஈரம் சலசலக்கும் மெல்லிய ஓசை கேட்கும். வெந்த பிறகு அது பெரும்பாலும் அடங்கிவிடும். கேக்கைப் பத்து நிமிடம் தகரத்திலேயே ஆறவிட்டு, பிறகு கம்பித்தட்டில் கவிழ்க்கலாம்.

இந்த ஒரு கேக் ஒழுங்காக வரும் வரை வேறு எதையும் தொடாமல் இருப்பது நல்லது. வந்தபின், சர்க்கரையில் கால் பங்குக்குக் கருப்பட்டித் தூளைச் சேர்க்கலாம். மசித்த மட்டிப்பழம் ஒன்றிரண்டைச் சேர்த்து முட்டையில் ஒன்றைக் குறைக்கலாம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணம் வெனிலா எசன்சைத் தேவையற்றதாக்கிவிடும். கருப்பட்டியும் பழமும் சேரும்போது அவற்றில் சிறிதளவு புளிப்பு இருப்பதால், கால் தேக்கரண்டி சமையல் சோடாவைச் சேர்த்து, பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொள்ள வேண்டும்.

பொங்கும் மாவைப் பழக வட்டயப்பம்

வட்டயப்பம் ஆவியில் வேகும் பண்டம், அடுப்பில் சுடுவதல்ல என்று யாராவது சொல்லலாம். ஆனால் ஈஸ்ட் மாவின் குணத்தைக் குறைந்த செலவில் கற்றுத் தருவதில் இதற்கு இணையான ஒன்றை நான் பார்க்கவில்லை. டோனட்டுக்கும் சினமன் ரோலுக்கும் தேவையான பொறுமையும் கணிப்பும் இதிலேயே வந்துவிடும்.

எல்லையின் அந்தப் பக்கம் பாறசாலையில் வட்டயப்பத்துக்கு இன்றும் கள் ஊற்றலாம். அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், இந்தப் பக்கம் ஈஸ்ட் மட்டுமே வழி. சுண்ணாம்பு சேர்த்து இறக்கும் அக்கானி, அதாவது பதநீர், புளிப்பதில்லை என்பதால் அது கள்ளுக்கு மாற்றாகாது. மணத்தில் வேறுபாடு இருந்தாலும் பொங்குவதில் ஈஸ்ட் எந்தக் குறையும் வைப்பதில்லை.

இரண்டு கோப்பைப் பச்சரிசியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பைத் தேங்காய்த் துருவலுடன் குறைந்த தண்ணீரில் நைசாக அரைக்க வேண்டும். அரைத்த மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்ச வேண்டும்; இதுவே கப்பி. கப்பி நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துப்போகும். விரலை வைத்தால் இளஞ்சூடுகூடத் தெரியாத நிலை வரட்டும். அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், முக்கால் கோப்பைச் சர்க்கரை, உப்பு, ஏலக்காய் சேர்த்துக் கலக்கி, மாவு இரட்டிப்பாகும் வரை மூடிவைக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நான்கு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மழைக்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இங்கே கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பார்க்கப் பழகுவதுதான் கல்வி. மேற்புறம் குமிழ் நிறைந்து எழும்பியிருக்க வேண்டும். நடு அமுங்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பொங்கிய மாவைக் கிளறாமல், எண்ணெய் தடவிய தட்டில் மெதுவாகச் சரித்து ஊற்றி, திராட்சை பதித்து, இருபது நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம்.

சர்க்கரையைக் கருக்குதலும் பிளம் கேக்கும்

கேரளத்தில் கேக்கின் கதையைச் சொல்பவர்கள் தலச்சேரியிலிருந்து தொடங்குவார்கள். 1880இல் மம்பள்ளி பாபு அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். 1883இல் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் கொடுத்து அதுபோலச் செய்யச் சொன்னதாகவும், பாபு பிராந்திக்குப் பதிலாகக் கதலிப்பழமும் முந்திரிப்பழமும் ஊறிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்து அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்து கொடுத்ததாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த நாளில் பிளம் கேக்கும் கப்பலில் வந்திறங்கிய புதுமைதான். உள்ளூர்ப் பழமும் முந்திரிப்பருப்பும் கிராம்பும் அதற்குள் புகுந்து, வீட்டுக் கனலில் செய்ய முடிந்த ஒன்றாக மாறியதால் அது தங்கிவிட்டது. இன்று வரும் புதுமைகளையும் இந்த அளவுகோலால் அளக்கலாம் என்று நினைக்கிறேன்.

பழங்களில் தொடங்குவோம். உலர் திராட்சை, கறுப்புத் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல், சர்க்கரையில் ஊறிய இஞ்சி ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி 350 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய்தான். வீட்டுத் தோட்டத்துக் காயைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துக் காயவைத்தால் கடைச் சாயம் இல்லாமலே கிடைக்கும். ரம்மில் ஊறவைப்பவர்கள் வாரக்கணக்கில் வெளியிலேயே வைக்கலாம். மது வேண்டாதவர்கள் ஆரஞ்சு அல்லது திராட்சைச் சாற்றில் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், சாறு புளித்துவிடும்.

அடுத்தது கருக்கல். அடி கனத்த பாத்திரத்தில் 150 கிராம் சர்க்கரையையும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரையும் மிதமான தீயில் வைத்து, கிளறாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றிவிட வேண்டும். 160 டிகிரியைக் கடந்ததும் பொன்னிறம் வரும். அங்கே நிறுத்திவிட்டால் கேக் வெளிறிப்போகும். செம்பழுப்பைத் தாண்டிக் கருப்பட்டியின் நிறம் வந்து, முதல் புகை இழை எழும் கணத்தில் தீயை அணைத்து, தயாராக வைத்திருக்கும் 100 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அது சீறித் தெறிக்கும். பாத்திரம் பெரிதாகவும் கரண்டி நீளமாகவும் இருக்க வேண்டும், பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் தெறிப்பு இன்னும் கூடும், பாகும் கட்டியாகும். பத்து விநாடி தாமதித்தால் கசந்துவிடும் என்பதால், கிறிஸ்துமஸ் வாரம் வரும் வரை காத்திராமல் நவம்பரிலேயே இதை மட்டும் தனியாகச் செய்து பழகலாம். சர்க்கரைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மற்றவை வெண்ணெய்க் கேக்கின் வழிதான். 200 கிராம் வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை, நான்கு முட்டை, 225 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா, 75 கிராம் முந்திரிப்பருப்பு. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றையும் புதிதாக இடித்து ஒரு தேக்கரண்டி சேர்க்க வேண்டும். கிராம்பு மட்டும் அளவு மீறக் கூடாது; கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்பு காரமும் எண்ணெயும் மிகுந்தது, மூன்று நான்கு போதும். ஆறிய கருக்கல் பாகை மைதாவுடன் மாறிமாறிச் சேர்த்து, வடித்த பழங்களை ஒரு கரண்டி மைதாவில் புரட்டிக் கடைசியாக மடித்துக் கலக்க வேண்டும். எட்டு அங்குலத் தகரத்தில் இரட்டைக் காகிதம் இட்டு, 150 முதல் 160 டிகிரியில் 70 முதல் 80 நிமிடம் வேகட்டும். மேற்புறம் விரைவாகக் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். ஆறிய கேக்கைக் காகிதத்தில் சுற்றி, குறைந்தது இரண்டு நாள் கழித்து வெட்டினால் மசாலா மணம் சீராகப் பரவியிருக்கும், துண்டும் உதிராது.

புதிய இனிப்பைப் பிரித்துப் பார்த்தல்

இனி மேல்தட்டுக்குப் போகலாம். ஒரு புதிய இனிப்பைக் கண்டதும் அதன் அடிப்பொருள் எது, எந்த வேலை அதைத் தாங்குகிறது, நம் வெப்பத்தில் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். ரெட் வெல்வெட்டைப் பிரித்தால், சிறிது கோகோவும் மோரும் சோடாவும் சேர்ந்த சாதாரணக் கேக்கும் சிவப்புச் சாயமும்தான் மிஞ்சும். பென்டோ கேக்கில் புதிதாக எதுவுமே இல்லை, அளவு மட்டுமே சிறிது. வெண்ணெய்க் கேக் தெரிந்தவர் இவற்றுக்காகத் தனியாக எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. டிரெஸ் லெச்சஸ் அப்படியல்ல. அது முட்டையை நுரைத்துச் செய்யும் ஸ்பாஞ்சின் மேல், சர்க்கரையின்றி வற்றவைத்த பால், கண்டென்ஸ்டு மில்க், கிரீம் ஆகிய மூன்றையும் ஊற்றுவது. வெண்ணெய் மிகுந்த கேக் பாலை உறிஞ்சாது என்பதால், முட்டை நுரைக்கப் பழகாமல் இதில் இறங்குபவர்களுக்குப் பாலில் மிதக்கும் கட்டிதான் கிடைக்கும்.

லாவா கேக்கைப் பலர் பாதி வெந்த கேக் என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் மிஷேல் பிரா 1981இல் இதை உருவாக்கியபோது, உறையவைத்த சாக்லேட் கலவையை மாவின் நடுவில் வைத்துச் சுட்டார். கேக் முழுவதும் வெந்த பின்னும் உள்ளிருப்பது உருகி ஓடியது. வீட்டுக்கும் இந்த வழியே பாதுகாப்பானது, வேகாத முட்டையைப் பற்றிய கவலை இல்லை. 100 கிராம் சாக்லேட்டையும் 60 மில்லி கிரீமையும் சூடாக்கிக் கலந்து, உருண்டை பிடித்து உறைபெட்டியில் வைத்து, கிண்ணங்களில் பாதி மாவுக்கு மேல் ஒவ்வொன்றை வைத்து மூடி 200 டிகிரியில் 12 நிமிடம் சுடலாம்.

குரோனட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2013இல் நியூயார்க்கில் டொமினிக் ஆன்செல் அறிமுகப்படுத்திய அந்தப் பண்டம் வெண்ணெயை மடித்து மடித்து அடுக்கிய ஈஸ்ட் மாவைப் பொரிப்பது. வெண்ணெய் 32 டிகிரியைச் சுற்றி உருகத் தொடங்கிவிடும். குளிரூட்டாத சமையலறையில் அடுக்குகள் கரைந்து மாவோடு மாவாகிவிடும். நம் பேக்கரிகளில் முட்டை பப்ஸ் அடுக்கடுக்காக வருவதற்குக் காரணம், அதிக வெப்பத்தில் உருகும் மார்கரினைப் பயன்படுத்துவது. அடுக்கு மாவு தின்ன ஆசை வந்தால் பப்ஸ் வாங்கித் தின்பதே விவேகம்.

பாஸ்க் சீஸ்கேக் மாறாக, பார்க்க மிரட்டினாலும் எளியது. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் லா வீன்யா என்ற உணவகத்தில் 1990இல் தோன்றியது. அடித்தட்டு பிஸ்கட் கிடையாது, 220 டிகிரி சூட்டில் மேற்புறம் கறுக்கும் வரை சுட வேண்டும், அவ்வளவே. க்ரீம் சீஸின் விலைதான் தடை. அதற்குப் பதில் பனீரை அரைத்துச் செய்வதும் உண்டு, ஆனால் அது நல்ல பனீர் கேக்காக இருக்கும், பாஸ்க் சீஸ்கேக்காக இருக்காது.

மழையும் கிரீமும்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு என்பதை அலங்காரக் கேக் செய்பவர்கள் மறக்கக் கூடாது. 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. குறைந்தது 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதையும் பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் குளிரவைத்து அடிக்க வேண்டும், பரிமாறும் வரை குளிர்பெட்டியிலேயே வைக்க வேண்டும். பேக்கரிகள் பயன்படுத்தும் தாவரக் கொழுப்புக் கிரீம் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நாக்கில் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். மாலையில் ஆலய மண்டபத்திலோ கல்யாண மண்டபத்திலோ வைக்கப் போகும் கேக்குக்கு நான் இரண்டையும் விட்டுவிட்டு, மார்த்தாண்டம் தேன் சிறிது தடவிய வெண்ணெய்க் கேக்கையே கொடுப்பேன்.

கடைசியாகக் குனாஃபா சாக்லேட். துபாயில் ஃபிக்ஸ் என்ற நிறுவனம் 2021இல் தொடங்கியது. 2023 இறுதியில் ஒரு காணொளி பரவியதும் உலகம் முழுவதும் தெரிந்தது. உள்ளே இருப்பது வெண்ணெயில் வறுத்த மெல்லிய மாவிழை, பிஸ்தா விழுது, எள் விழுது. மாவிழை கிடைக்காத இடத்தில் மிக மெல்லிய சேமியாவைச் சிறிதாக ஒடித்து, நெய்யில் சிறுதீயில் ஆழ்ந்த பொன்னிறம் வரும் வரை வறுத்தால் போதும். பிஸ்தாவின் பாதியை வறுத்த முந்திரியால் ஈடுசெய்யலாம். இந்தக் கலவையில் பாலோ கண்டென்ஸ்டு மில்க்கோ ஒரு துளியும் சேரக் கூடாது. ஈரம் பட்ட சேமியா ஒரே இரவில் நமுத்துவிடும்.

சாக்லேட்டில் இருவகை உண்டு. கோகோ வெண்ணெய் உள்ளதை 45 டிகிரிக்கு உருக்கி, 28 டிகிரிக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 டிகிரிக்கு உயர்த்தினால்தான் பளபளப்பும் ஒடியும் தன்மையும் வரும். அறையே 31 டிகிரியில் இருக்கும் ஊரில் இது விடியற்காலை வேலை. தாவரக் கொழுப்பு உள்ள காம்பவுண்ட் சாக்லேட்டை வெறுமனே உருக்கி ஊற்றினாலே உறைந்துவிடும். முதல் தடவைக்குக் காம்பவுண்டையே எடுத்துக்கொண்டு, அச்சில் மெல்லிய படலமாக ஊற்றி உறையவைத்து, ஆறிய சேமியாக் கலவையை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, மேலே சாக்லேட்டால் மூட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாளத்தை உடனே அச்சிலிருந்து பிரித்துவிடலாம், ஆனால் காகிதம் சுற்றுவதற்கு முன் காற்றுப் புகாத டப்பாவில் மூடி அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லையெனில் மழைக்காலத்தில் அதன் மேல் வியர்வை கோத்து, சர்க்கரை கரைந்து, வெள்ளைத் திட்டுகள் விழும்.